தலைவருக்கும் இடம் உறுதியில்லை: லயன்ஸ் ரக்பி அணித் தேர்வின் வரலாற்று வளர்ச்சி (1888–2025)

முன்னுரை

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கு அணிகளும் ரக்பியில் ஆண்டுதோறும் ஒன்றையொன்று எதிர்த்து ஆடுபவை. இந்நான்கிலிருந்தும் தேர்ந்தெடுத்த வீரர்கள், இப்போது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே சிவப்புச் சட்டை அணிந்து தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றுள் ஒன்றுக்குச் செல்கின்றனர். அந்த அணியே பிரிட்டிஷ் – ஐரிஷ் லயன்ஸ். சொந்த மைதானம் இல்லாத இந்த அணி, ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகத்தான் உருவாக்கப்படுகிறது. ஆகவே தேர்வே அதன் உயிர்நாடி.

அத்தேர்வில் தொடக்கம் முதலே ஒரு முரண் உண்டு. அணித்தலைவர் புறப்படும் முன்பே அறிவிக்கப்படுகிறார். டெஸ்ட் எனப்படும், நாட்டு அணிக்கு எதிரான ஆட்டத்துக்கான 15 பேரோ பயணத்தின் நடுவில், ஆட்டத்திறனைப் பார்த்துத் தேர்வாகிறார்கள். தலைவரைவிட அவரது இடத்தில் இன்னொருவர் நன்றாக ஆடினால் என்ன செய்வது? தேர்வுக்குழுவின் கையிலிருந்த அதிகாரம் பயிற்சியாளர் கைக்கு மாறிய கதையாகவே இவ்வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால், தலைவரும் தகுதியால்தான் ஆட வேண்டும் என்ற இன்றைய நெறிக்கு வித்திட்டவர்கள், தாமாகவே ஒதுங்கி நின்ற சில பழைய தலைவர்கள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தொழில்முனைவோர் திரட்டிய அணி

1888இல் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்ற முதல் அணியை எந்த ரக்பி சங்கமும் தேர்ந்தெடுக்கவில்லை. கிரிக்கெட் வீரர்களான ஆல்பிரட் ஷாவும் ஆர்தர் ஷ்ரூஸ்பரியும் வருமானம் கருதி அதைத் திரட்டினர். வீரர்களில் பெரும்பாலோர் வட இங்கிலாந்து கிளப்களைச் சேர்ந்தவர்கள். தலைவர் ராபர்ட் செடான், அதே ஆண்டு ஆகஸ்டில் நியூ சவுத் வேல்ஸின் மேட்லண்ட் அருகே ஹன்டர் ஆற்றில் படகோட்டச் சென்று மூழ்கி இறந்தார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஸ்டாடார்ட், பிற்காலத்தில் இங்கிலாந்து கிரிக்கெட் அணிக்கும் தலைமை தாங்கினார்.

நான்கு நாடுகளின் வீரர்களும் முதன்முதலாக இடம்பெற்றது 1899இன் ஆஸ்திரேலியப் பயணத்தில். தலைவர் மேத்யூ முல்லினோ ஒரு பாதிரியார். இங்கிலாந்துக்காக ஒருமுறையும் ஆடாதவர். சிட்னியில் முதல் டெஸ்டில் அணி தோற்றது. அடுத்த ஆட்டத்துக்கு முல்லினோ தம் பெயரைத் தாமே நீக்கிக்கொண்டார். குளோஸ்டர் வீரர் ஃபிராங்க் ஸ்டவுட் தலைமையேற்றார். மீதமிருந்த மூன்று டெஸ்ட்களையும் அணி வென்றது. பயணத்தின் தலைவர் வேறு, களத்தின் தலைவர் வேறு என்ற வேறுபாடு இங்கேதான் தெளிவாகத் தோன்றுகிறது. அதைச் செய்யச் சொன்ன விதி எதுவும் அன்று இல்லை. அது ஒரு மனிதரின் நேர்மை.

குழுக்களின் காலம்

1910க்குப் பின் நான்கு சங்கங்களின் கூட்டுப் பொறுப்பில் அணிகள் அனுப்பப்பட்டன. வீரர்கள் அனைவரும் ஊதியமற்றவர்கள். கப்பல் பயணத்தையும் சேர்த்து மாதக்கணக்கில் வேலையையும் குடும்பத்தையும் விட்டுச் செல்ல வேண்டும். அழைப்பு வந்தும் போக முடியாதவர்கள் ஒவ்வொரு முறையும் இருந்தனர். 1950ஆம் ஆண்டின் நெடும் பயணம், திரும்பும் வழியில் கொழும்பில் இலங்கை அணியுடன் ஓர் ஆட்டம் ஆடிய பிறகே முடிந்தது.

இச்சூழலில் தலைவரிடம் எதிர்பார்க்கப்பட்டது களத்திறன் மட்டுமல்ல. பயிற்சியாளர் என்ற பதவியே அன்று இல்லை. காலைப் பயிற்சியை நடத்துவது, ஆட்டத் திட்டம் வகுப்பது, விருந்துகளில் உரையாற்றுவது, நான்கு நாட்டாரையும் ஒற்றுமையாக வைத்திருப்பது எல்லாம் தலைவர் தலையில்தான் விழுந்தன. அதனால்தான் அவர் இல்லாத அணியைக் குழுக்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதன் விளைவை 1959 தெளிவாகக் காட்டுகிறது. தலைவராக அறிவிக்கப்பட்ட அயர்லாந்தின் ரோனி டாசன், ஸ்க்ரம்மின் நடுவில் நின்று பந்தைக் காலால் இழுக்கும் ஹூக்கர். அணியில் இருந்த மற்றொரு ஹூக்கர் வேல்ஸின் பிரின் மெரெடித். 1955இல் தென்னாப்பிரிக்காவில் நான்கு டெஸ்ட்களிலும் ஆடியவர் மெரெடித்; 1962இல் மீண்டும் அங்கே நான்கிலும் ஆடினார். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 1959 பயணத்தில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஆறு டெஸ்ட்களிலும் டாசனே ஆடினார். டாசன் திறமையற்றவர் அல்லர். ஆனால் இருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பையே தலைமைப் பதவி அடைத்துவிட்டது.

இக்காலத்திலும் முல்லினோவின் வழி முற்றாக மறையவில்லை. 1930இல் நியூசிலாந்து சென்ற தலைவர் டக் பிரெண்டிஸ், டெஸ்ட்களில் பெரும்பாலானவற்றில் ஒதுங்கி நின்று கார்ல் ஆர்வால்டை முன்னிறுத்தினார். 1966இல் ஸ்காட்லாந்தின் இராணுவ அதிகாரி மைக் கேம்பெல்-லாமெர்டன் தேர்வானபோது, அவ்வாண்டு வேல்ஸ் அணியைச் சாம்பியனாக்கிய ஆலன் பாஸ்க் ஒதுக்கப்பட்டதாக விமர்சனம் எழுந்தது. நியூசிலாந்துக்கு எதிரான நான்கு டெஸ்ட்களில் இரண்டில் கேம்பெல்-லாமெர்டன் தாமே விலகி, டேவிட் வாட்கின்ஸிடம் தலைமையை ஒப்படைத்தார். தொடர் 0–4 எனப் பறிபோனது. அத்தோல்வியோடு அவர் பெயரை இணைத்துப் பேசுவோர், அவர் விலகி நின்றதை நினைப்பதில்லை. இது அநீதி.

பயிற்சியாளர் வந்த பிறகு

பயிற்சிப் பொறுப்பு தனியாக ஒருவரிடம் தரப்பட்டதும் 1966இல்தான். அது முழு வடிவம் பெற்றது 1971இல். பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ், தலைவர் ஜான் டாஸ் இருவரும் வேல்ஸ்காரர்கள். திட்டம் ஒருவருடையது, களத்தில் அதை நிறைவேற்றுவது மற்றவர் பணி என்ற பகிர்வு பலித்தது. இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். நியூசிலாந்தில் லயன்ஸ் வென்ற ஒரே தொடர் இன்றுவரை அதுதான்.

பழைய வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை. 1983இல் தலைவரான கியரன் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹூக்கர்தான். ஸ்காட்லாந்தின் காலின் டீன்ஸ் அவரைவிடச் சிறந்தவர் எனப் பலர் வாதிட்டனர். நான்கு டெஸ்ட்களிலும் ஃபிட்ஸ்ஜெரால்டே ஆடினார், நான்கிலும் தோல்வி. 1959இன் கேள்வி 24 ஆண்டுகளுக்குப் பிறகும் விடையின்றி நின்றது.

1997: திட்டத்துக்கேற்ற தேர்வு

ஊதியம் பெறும் வீரர்களோடு சென்ற முதல் பயணம் 1997இன் தென்னாப்பிரிக்கப் பயணம். மேலாளர் ஃபிரான் காட்டன், பயிற்சியாளர்கள் இயன் மெக்கீகன், ஜிம் டெல்ஃபர் ஆகியோர் மார்ட்டின் ஜான்சனைத் தலைவராக்கினர். அதுவரை அவர் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியதில்லை. உயர்ந்து நிற்கும் ஒருவர் தென்னாப்பிரிக்க அணியின் அறைக் கதவைத் தட்ட வேண்டும் என்ற எண்ணமும் அத்தேர்வில் இருந்தது.

மற்ற இடங்களையும் திட்டமே தீர்மானித்தது. தென்னாப்பிரிக்காவின் பேருருவ முன்வரிசையைத் தாழ்ந்து நின்று முட்ட, உயரம் குறைந்த டாம் ஸ்மித்தும் பால் வாலஸும் தேர்வாயினர். வாலஸ், காயத்தால் விலகிய பீட்டர் கிளஹெஸிக்குப் பதிலாக வந்தவர். ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃபான நீல் ஜென்கின்ஸ், அவரது உதைக்காகவே கடைசிக் காவல் இடமான ஃபுல்பேக்கில் நிறுத்தப்பட்டார். டர்பனில் இரண்டாம் டெஸ்டில் தென்னாப்பிரிக்கா மூன்று டிரை (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஊன்றிப் பெறும் புள்ளி) அடித்தது. லயன்ஸ் ஒன்றுகூட அடிக்கவில்லை. ஆனாலும் ஜென்கின்ஸின் ஐந்து பெனால்டிகளும் ஜெரமி கஸ்காட்டின் டிராப் கோலும் 18–15 என வெற்றியையும் தொடரையும் தந்தன.

பெயரும் தகுதியும்

2013இல் தலைவர் சாம் வார்பர்டன் காயமடைந்ததும், முன்னாள் தலைவர் பிரையன் ஓ'டிரிஸ்கால் கடைசி டெஸ்டில் தலைமையேற்பார் எனப் பலர் எதிர்பார்த்தனர். பயிற்சியாளர் வாரன் கேட்லண்ட் அவரை, மாற்று வீரர்களையும் சேர்த்த 23 பேரில்கூடச் சேர்க்கவில்லை. ஆலன் வின் ஜோன்ஸ் தலைமையில் அணி 41–16 என வென்றது. 2017இல் கேட்லண்ட் இன்னும் ஒரு படி மேலே சென்றார். பயணத் தலைவர் வார்பர்டனை முதல் டெஸ்டில் மாற்று வீரர்களோடு அமர்த்தி, பீட்டர் ஓ'மஹோனியிடம் தலைமையைத் தந்தார். தோற்றதும், இரண்டாம் டெஸ்டுக்கு ஓ'மஹோனி 23 பேரிலிருந்தே வெளியேறினார், வார்பர்டன் திரும்பினார். அந்த ஆட்டத்தில் வெற்றி, மூன்றாவது 15–15, தொடர் சமன். 1899இல் ஒரு பாதிரியார் மனச்சான்றுப்படி செய்ததை, 2017இல் பயிற்சியாளர் வழக்கமான தேர்வு முடிவாக எடுத்தார்.

முடிவுரை

2025இல் ஆண்டி ஃபாரல் மேரோ இட்டோஜேயைத் தலைவராக்கி 38 பேரை அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் தொடர் 2–1 என லயன்ஸ் வசமானது. தலைவரை முன்கூட்டி அறிவிக்கும் வழக்கம் மாறவில்லை. மாறியது, அவரது இடத்துக்கு அளிக்கப்பட்ட உறுதி. இந்த மாற்றத்தைப் பயிற்சியாளர்களின் துணிவாக மட்டும் பார்ப்பது பாதி வரலாறே. முல்லினோ, பிரெண்டிஸ், கேம்பெல்-லாமெர்டன் ஆகியோரை விலகச் சொல்லும் அமைப்பு அன்று இல்லை. பதவியின் பெயரால் அவர்கள் ஆடியிருக்கலாம். அணியின் நலனைத் தம் பெருமைக்கு மேலாக அவர்கள் வைத்ததால்தான், தலைவர் வெளியே அமர்வது இழிவல்ல என்ற எண்ணத்துக்கு முன்மாதிரி கிடைத்தது. லயன்ஸின் வெற்றிப் பட்டியலில் இம்மூவரின் பெயர்களும் பெரிதாகத் தெரியாது; தேர்வின் வரலாற்றில் இவர்களுக்கு முதல் வரிசையில் இடம் உண்டு.