பழைய சாமான் கடையில் ஒரு கோலிப் போத்தல்



பினாங்கில் லோரோங் கூலிட் என்ற இடத்தில் காலை வேளையில் பழைய சாமான் சந்தை ஒன்று கூடுகிறது. சிங்கப்பூர் சுங்கை ரோட்டிலும் பல்லாண்டுகள் இத்தகைய சந்தை நடந்து, 2017 ஜூலையில் மூடப்பட்டது. துருப்பிடித்த பூட்டு, உடைந்த கடிகாரம், பித்தளைச் சொம்பு இவற்றின் நடுவே தூசி படிந்த கண்ணாடிப் போத்தல்களும் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி எடுத்து, பணம் கொடுத்து வாங்கிச் செல்வோர் உண்டு. காலிப் போத்தலுக்குக் காசா என்று நம் வீட்டுப் பெண்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்குமுன் ஒரு போத்தலை மட்டும் கையிலெடுத்துப் பார்ப்போம்.

அது கோலி சோடாப் போத்தல். கழுத்து நெரிந்தாற்போல் இருக்கும். உள்ளே ஒரு கண்ணாடிக் கோலி உருளும். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870-களின் தொடக்கத்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்னர் சோடாவைத் தக்கையால் அடைத்தார்கள். தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு தப்பிவிடும். ஆகவே தக்கை எப்போதும் நனைந்திருக்கும்படி, நிற்கவே முடியாத முட்டை வடிவப் போத்தல்களைச் செய்து படுக்க வைத்தார்கள். காட் அந்தத் தொல்லையை ஒழித்தார். போத்தலைத் தலைகீழாக வைத்து வாயு கலந்த நீரை நிரப்பினால், கோலி வாய்ப்பக்கம் விழுகிறது. உள்ளிருக்கும் வாயுவே அதை ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடித்துக் கொள்கிறது. மூடியும் வேண்டாம், தக்கையும் வேண்டாம். விரலால் கோலியை அழுத்தினால் “டப்” என்ற ஓசையோடு திறக்கும். ஊற்றும்போது கோலி திரும்ப வந்து வாயை அடைக்காதபடி அதைத் தாங்கக் கழுத்தில் இரண்டு பள்ளங்கள் உண்டு.

அந்த ரப்பர் வளையத்தைக் கவனியுங்கள். உலகமெங்கும் ரப்பருக்கு ஏற்பட்ட தேவைதான் நம் முன்னோரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தது. சோடா வளையம் அதில் மிகச் சிறு பங்குதான். ஆனாலும் பால் வெட்டிய குடும்பத்தார் சோடாவைத் திறந்தபோதெல்லாம் ரப்பரைத்தான் விரலால் தொட்டிருக்கிறார்கள்!

சிங்கப்பூரில் ஜான் பிரேசர், டேவிட் சால்மர்ஸ் நீவ் என்ற இருவரும் 1883-இல் சோடாக் கம்பெனி தொடங்கினார்கள். ஊர் ஊராகச் சிறு சோடாத் தொழிற்சாலைகளும் இருந்தன. தங்கள் பெயரையும் சின்னத்தையும் கண்ணாடியிலேயே புடைத்து வைத்தார்கள். காலிப் போத்தல் மீண்டும் தங்களிடமே வரவேண்டும் அல்லவா? கம்பெனி அழிந்து, கட்டடம் இடிந்து, கணக்குப் புத்தகம் கரையானுக்கு இரையானபின், அந்தப் புடைத்த எழுத்தே எஞ்சிய சாட்சியாக நிற்பதுண்டு. அத்தகைய போத்தல்கள் பலவற்றை உடைத்தவர்கள் வேறு யாருமல்லர், கோலிக்கு ஆசைப்பட்ட சிறுவர்களே. 1892-இல் அமெரிக்கரான வில்லியம் பெயின்டர் தகர மூடிக்குக் காப்புரிமை பெற்றார். அது பரவப் பரவக் கோலி பின்வாங்கியது.

சரி, ஒரு போத்தல் பழையது என்று எப்படி அறிவது? பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். கோடு உதட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டால், வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். உச்சிவரை ஏறினால் அது இயந்திர வேலை. மைக்கேல் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்த பிறகே இது பெருகிற்று. கோலிப் போத்தலுக்கு மட்டும் இந்தச் சோதனை போதாது. கோலியை உள்ளே இட்ட பிறகுதான் வாயைக் குறுக்க முடியும் என்பதால், புதிதாகச் செய்ததிலும் வாய் தனியே முடிக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் கோலிப் போத்தல் இன்றும் தயாராகிறது. அதை மண்ணில் புரட்டி “நூறு வருஷத்துச் சாமான்” என்று விற்பவரிடம் ஏமாறாதீர்கள். அடிப்பாகத்தில் பலகாலம் உராய்ந்த தேய்மானம் இருக்கிறதா, புடைத்த பெயர் எந்த ஊருக்குரியது என்று பாருங்கள்.

வெளிர்பச்சை நிறம் மணலிலுள்ள இரும்பால் வருவது. கருநீலத்தில், வரிவரியாகப் புடைத்த போத்தல் கண்டால் எச்சரிக்கை! இருட்டில் கை தடவினாலும் நஞ்சு என்று தெரியவேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்கள்.

நம் தோட்டங்களிலும் இவை உண்டு. பழைய லயங்களின் பின்னால் குப்பைக் குழிகளில் மருந்துப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், கிரைப் வாட்டர் போத்தல் எல்லாம் புதைந்து கிடக்கக்கூடும். வெள்ளைக்கார துரையின் பங்களாவைப் பற்றிப் படமும் எழுத்தும் இருக்கின்றன. கூலி வரிசையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது தாய் என்ன மருந்து ஊற்றினாள் என்று எழுதி வைத்தவர் மிகச் சிலர். தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புக்காக மண் வாரப்படும்போது அந்தக் குழியும் லாரியில் ஏறிவிடுகிறது. உடையவர் அனுமதியோடு எடுக்க முடிந்தால், எந்தத் தோட்டம், எந்த லயத்துப் பின்புறம், எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் குறித்து அதனுடனேயே வையுங்கள். அந்தக் குறிப்பு போய்விட்டால் மிஞ்சுவது அழகான கண்ணாடி மட்டுந்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கொதிநீர் ஊற்றிவிடாதீர்கள், விரிசல் காணும். உள்ளே என்ன இருந்தது என்று தெரியாத போத்தலை முகராமலும், சமையலறைக்குக் கொண்டு போகாமலும் இருங்கள். மற்றவற்றில் ஒரு பிடி அரிசியும் சவுக்காரத் தண்ணீரும் இட்டு மெல்லக் குலுக்கினால் போதும். அழுக்கு அரிசியோடு வந்துவிடும். அந்த அரிசியைக் கோழிக்குப் போடவேண்டாம்.