பருத்திமாரும் கம்மந்தட்டையும்

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் வரைக்கும் பரந்து கிடக்கும் கரிசல் காட்டில் சித்திரை மாதத்து உச்சிவெயிலில் நடந்து பார்த்தவர்கள், முழக்கோலை உள்ளே விட்டாலும் அடி தட்டாத வெடிப்புகள் நிலமெங்கும் வாய் பிளந்து கிடப்பதைக் கண்டிருப்பார்கள். அதே நிலம் ஐப்பசி மழையில் நனைந்ததும் பொதுமி, உப்பி, வெடிப்புகளையெல்லாம் தானாகவே மூடிக்கொண்டு, கால் வைத்தவனை முழங்கால்வரை இழுத்துக்கொள்ளும். ஈரத்தைப் பல மாதங்கள் தன் வயிற்றில் காத்துவைத்திருக்கும் இந்தக் குணம் மானாவாரிப் பருத்திக்கு வரப்பிரசாதமாக அமைந்தது. ஆனால் அதே குணம், அந்த மண்ணின்மேல் சுவர் எழுப்பிக் குடியிருக்க நினைத்த மனிதனுக்கு ஓயாத விரோதமாகவும் இருந்து வந்திருக்கிறது. வருஷந்தோறும் உப்பிச் சுருங்கும் பூமியின்மேல் நிற்கிற சுவர் வருஷந்தோறும் விரியத்தான் செய்யும். ஆகையால் கரிசல் நாட்டில் வீடு என்பது ஒரு முறை கட்டி முடிக்கிற காரியம் அல்ல. ஆயுள் முழுவதும் செப்பனிட்டுக்கொண்டே இருக்கிற காரியம்.

பழைய குடியானவர்களுக்கு இது தெரியாத விஷயமன்று. இடைசெவல் போலச் 'செவல்' என்ற சொல்லைத் தாங்கிய ஊர்ப் பெயர்களைக் காணும்போது, கரிசலுக்கு நடுவே கிடைத்த செம்மண் திட்டுகளைத் தேடி முன்னோர்கள் குடியேறினார்கள் என்று எண்ண இடமிருக்கிறது. திட்டு கிடைக்காத இடத்தில் வானம் தோண்டிக் கரிசலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, வண்டி வண்டியாக ஓடை மணலையும் சரளையையும் கொண்டுவந்து நிரப்பி, அதன்மேல் சுவர் வைத்தார்கள். வண்டியும் மாடும் உள்ளவனுக்கு இது சாத்தியம். அன்றாடக் கூலியில் ஜீவனம் செய்கிறவனோ, தனக்கு விடப்பட்ட தாழ்ந்த இடத்தில், கையால் பிசைந்த மண்ணைக்கொண்டு, ஆள் குனிந்து நுழையும் உயரத்துக்குச் சுவர் வைத்துத் திருப்தி அடைய வேண்டியிருந்தது. மழை முதலில் நுழைந்ததும், வெடிப்பு முதலில் விழுந்ததும் அவன் வீட்டில்தான்.

அந்த வீட்டுக்குக் கூரையும், அந்த வீட்டு அடுப்புக்கு விறகும், ஒரே காட்டிலிருந்து வந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். கம்பு அறுவடையான பிறகு நிற்கும் தட்டை, சோளத்தட்டையைப்போல மாடு விரும்பித் தின்னும் தீவனம் அல்ல. ஆகவே அது கூரைக்குப் போயிற்று. தெற்கே தேரிக்காட்டுப் பக்கத்துப் பனை ஓலையை விலை கொடுத்து வாங்க வகையில்லாதவர்கள் கம்மந்தட்டையாலேயே கூரை வேய்ந்தார்கள். பருத்தி எடுத்து ஓய்ந்ததும் பிடுங்கிப் போடும் காய்ந்த செடியே பருத்திமார், அதுதான் விறகு. அதோடு உடைமரத்து முள்ளும், மாடு வைத்திருப்பவர்கள் வீட்டில் தட்டிக் காய வைத்த எருவாட்டியும் சேர்ந்தால் ஒரு வருஷத்து அடுப்பு எரிந்துவிடும். பருத்திமார் சட்டென்று பற்றி, சட்டென்று எரிந்து தீர்ந்துபோகும் சரக்கு. கஞ்சி கொதிக்கும்வரை ஒருத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து மாரைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் புகை அவள் கண்ணைக் கரித்தது. ஆனால் அதே புகை மேலே போய்ப் படிந்து கூரையைப் பூச்சி அரிக்காமலும் காத்தது. அடுப்பும் கூரையும் ஒன்றையொன்று தாங்கி நின்ற குடித்தனம் அது.

இந்தத் தட்டையும் மாரும் ஏழைக்குக் கிடைத்த விதமே அந்நாளைய சகாயத்தின் விதம். நிலத்துக்காரன் தன் காட்டில் மார் பிடுங்கவோ, தட்டை அறுக்கவோ வந்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியாக அதையே கட்டிச் சுமந்துகொண்டு போகவிட்டான். கூரை மாற்றுகிற நாளில் அக்கம்பக்கத்தார் வந்து கைகொடுத்தார்கள். இன்று என் வீட்டுக்கு நீ, நாளை உன் வீட்டுக்கு நான் என்ற பரஸ்பரக் கணக்கைத் தவிர அங்கே வேறு கணக்கு இல்லை. இந்தச் சம்பிரதாயத்தைப் புகழ்கிறவர்கள் அதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பாத்தியமாகக் கேட்டு வாங்க முடியாத உபகாரம் அது. நிலத்துக்காரனோடு மனஸ்தாபம் வந்த வருஷத்தில் விறகும் இல்லை, கூரையும் இல்லை. சேரியில் வாழ்ந்தவர்களுக்கோ குடியிருந்த மனையே பல இடங்களில் சொந்தமில்லை. சென்னை ராஜதானியில் 1920ஆம் ஆண்டை ஒட்டி ஏற்பட்ட தொழிலாளர் இலாகா, ஒடுக்கப்பட்ட ஜாதியாருக்கு மனையிடங்களை வாங்கித் தவணையில் விலை வசூலித்துக் கொடுக்கத் தொடங்கியதைத்தான், இந்த விஷயத்தில் சர்க்கார் எடுத்துவைத்த முதல் பெரிய அடிகளுள் ஒன்றாக நான் கருதுகிறேன். மனை சொந்தமான பிறகுதானே வீட்டைச் செப்பனிடும் பேச்சு?

கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை 1901லேயே ஏற்பட்டுவிட்டது. கருங்கண்ணிப் பருத்தியைப் பற்றியும், கம்பு சோளத்தைப் பற்றியும், மானாவாரி மழையைப் பற்றியும் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தார்கள். நல்ல காரியம். பருத்தி விளைந்த மண் அதைப் பயிரிட்டவனுடைய சுவரை என்ன செய்கிறது என்ற கேள்விக்கோ அத்தனை கவனம் கிடைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பின்னர் உதவி பணமாக வரத் தொடங்கிற்று. 1974ல் தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர்க்கென ஒரு வீட்டுவசதிக் கழகம் ஏற்பட்டது. 1985-86ல் மத்திய சர்க்கார் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. கரிசல் கிராமங்களில் இன்றும் 'காலனி வீடு' என்றே வழங்குகிற வரிசை வீடுகள் இவ்விதத் திட்டங்களின் ஞாபகச் சின்னங்கள். எல்லாம் புது வீடு கட்டுவதற்கான பணம். பழைய வீட்டைச் செப்பனிட்டு உயர்த்துவதற்கென்று அந்த மத்தியத் திட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது 1999-2000லேதான். வீடு ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய். புகையில்லா அடுப்பும் கழிப்பிடமும் வீட்டோடு சேர்ந்தே அமைய வேண்டும் என்று அதே திட்டம் விதித்திருந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். கூரையும் அடுப்பும் ஒரே குடித்தனத்தின் இரண்டு கைகள் என்பதைச் சர்க்கார் காகிதம் ஒன்று உணர்ந்து பேசியது அதில்தான்.

குளிர்தேசங்களில் இந்த உணர்வுக்கு வேறு உருவம். அமெரிக்காவில் 1981 முதல், எளியவர்கள் வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்ள எரிபொருள் செலவில் உதவுகிறார்கள். பிரிட்டனில் முதியோருக்கு 1997 முதல் குளிர்காலப் பணம் கொடுத்துவருகிறார்கள். நம்முடைய மார்கழிப் பனிக்கு ஒரு துப்பட்டி போதும். ஆனால் கஞ்சி காய்ச்ச நெருப்பு வேண்டுமே. அதற்கான செலவு இங்கேயும் ஏழையின் கூலியில் கைவைக்கத்தான் செய்கிறது.

அந்தச் செலவு வளர்ந்த கதை வெள்ளாமை மாறிய கதையோடு பின்னிக் கிடக்கிறது. கம்பும் பருத்தியும் சுருங்கி, மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பெருகின. தட்டையும் மாரும் குறைந்தன. காலியான இடத்தில், கேட்பாரற்றுப் பரவிய சீமைக்கருவேலம் அடுப்புக்கு வந்து சேர்ந்தது. நிலத்தைக் கெடுத்த மரம் என்று அதைத் திட்டுகிறவர்கள், விறகுக்குக் காசில்லாத வீடுகளில் எத்தனை வருஷம் அது உலை ஏற்றியது என்பதையும், அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்த குடும்பங்களையும் நினைத்துப் பார்ப்பது நியாயம். 2007ல் மாநில சர்க்கார் ஏழைகளுக்கு இலவச காஸ் அடுப்பும் இணைப்பும் கொடுக்கத் தொடங்கிற்று. 2016ல் மத்திய சர்க்காரின் காஸ் இணைப்புத் திட்டமான உஜ்வலா வந்தது. உஜ்வலா இணைப்புக்கு 2023 அக்டோபரில் சிலிண்டருக்கு முந்நூறு ரூபாய் மானியம் என்று ஆயிற்று. அப்படியும் முழு விலையையும் கூலிக்காரி முதலில் ஒரே நாளில் மொத்தமாக எடுத்துவைக்க வேண்டும்; மானியம் பிறகுதான் வந்து சேரும். விறகோ அன்றைக்கன்று பொறுக்கிக்கொள்ளக்கூடியது. காலி சிலிண்டர் மூலையில் நிற்க, வாசலில் முள்விறகு எரிவதன் காரணம் இதுதான். பழக்கத்தை விட மனமில்லாமை என்று அதைச் சொல்வது அநீதி.

கூரையின் கதை வேகமாக மாறிற்று. 2010ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், குடிசை ஒன்றுக்கு எழுபத்தைந்தாயிரம் ரூபாய் வீதம் கொடுத்துக் கான்கிரீட் வீடாக்க முனைந்தது. 2011ல் முந்நூறு சதுர அடிப் பசுமை வீடுகள் வந்தன. குடிசை தீப்பிடித்தால் அரிசி, வேட்டி, சேலை, மண்ணெண்ணெய் என்று நிவாரணம் கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. எரிந்துபோன கூரைக்கு உதவி. மக்கிப்போன கூரைக்கு இல்லை. இந்தக் குறையைப் பெரிய அளவில் தீர்க்க முற்பட்டது 2024-25ல் வந்த ஊரக வீடுகள் பழுதுபார்க்கும் திட்டமே. 2001க்கு முன் சர்க்கார் உதவியில் கட்டிய வீடுகளில் இரண்டரை லட்சம் வீடுகளைச் செப்பனிட இரண்டாயிரம் கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள்.

கரிசல்காட்டுக் காலனி வீடுகளில் எவ்வளவு பழுது என்று மதிப்பிட வருகிற எஞ்சினீயரிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. அவர் கார்த்திகை மாதத்தில் வந்தால், ஈரத்தில் பூமி உப்பிச் சுவரின் விரிசல்கள் பல நெருங்கி ஒட்டியிருக்கும். தலைவாசல் நிலைக்கு மேலே மயிரிழை போல ஒரு கோடுதான் அவர் கண்ணுக்குப் படும். அவர் சித்திரையில் வரவேண்டும். அப்போது வீட்டுக்காரி அந்தக் கோட்டுக்குள் தன் விரலை விட்டுக் காட்டுவாள்.