‘ஆர்’ என்பது ‘இஸ்’ ஆன கதை

பள்ளியில் ஆங்கில இலக்கணம் படிக்கும் நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ‘டீம்’ என்ற சொல்லுக்குப் பின் ‘இஸ்’ வருமா, ‘ஆர்’ வருமா? பதினோரு பேர் இருக்காங்களே, அப்போ பன்மைதானே என்பது அவர்கள் வாதம். விளையாட்டுப் பக்கத்தில் ‘இந்தியா ஆர்’ என்றும் முதல் பக்கத்தில் ‘இந்தியா இஸ்’ என்றும் ஒரே நாளிதழ் எழுதினால் குழப்பம் வரத்தானே செய்யும்!

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. கூட்டம் கலைந்தது, படை வென்றது, அரசு அறிவித்தது என்று அஃறிணை ஒருமையில் முடித்துவிடுகிறோம். மக்களைக் குறித்து வரும் ‘உலகம்’ என்ற சொல்லும் அஃறிணை முடிபே கொள்ளும் என்று தொல்காப்பியம் வழி வகுத்துவிட்டது. ஆங்கிலத்திலோ சொல்லின் வடிவம் ஒரு பக்கம் இழுக்கும், பொருள் இன்னொரு பக்கம் இழுக்கும். 1762-இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லௌத், இரண்டுமே வரலாம், ஆனால் ஒன்றாக நினைக்கிறோமா பலவாக நினைக்கிறோமா என்று பார்க்க வேண்டும் என்றார். பிரிட்டிஷார் இன்றும் இரண்டையும் ஆள்கிறார்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் ஒருமைக்காரர்கள்.

அந்த அமெரிக்கர்களுக்குத் தங்கள் நாட்டின் பெயரே நெடுங்காலம் தகராறாக இருந்தது. ‘யுனைட்டெட் ஸ்டேட்ஸ்’ என்பது வடிவத்தில் பன்மை. 1783-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டிஷ் மன்னர் பதின்மூன்று மாநிலங்களின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, அவை சுதந்திர நாடுகள் என்று ஒப்புக்கொண்டார். 1787-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டமும் தேசத்துரோகத்தை விளக்கும்போது ‘அவற்றின்மீது’ போர் தொடுப்பது என்றே பன்மையில் பேசுகிறது.

இது வெறும் இலக்கணம் இல்லை. பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு என்றால், வேண்டாமென்றால் விலகிப் போகலாம் அல்லவா? அடிமை முறையைக் காப்பாற்ற நினைத்த தென் மாநிலங்கள் அப்படித்தான் வாதிட்டு விலகின. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

போருக்கு முன் ‘ஆர்’, போருக்குப் பின் ‘இஸ்’ என்று ஒரு கதை உண்டு. எழுத்தாளர் ஷெல்பி ஃபூட் 1990-இல் வந்த தொலைக்காட்சித் தொடரில் சொல்ல, அது மேலும் பரவியது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஆவணங்கள் அவ்வளவு நேராகப் பேசவில்லை. அடிமை முறையை ஒழித்த 13-ஆவது திருத்தம் போர் முடிந்த அதே 1865-இல்தான் நிறைவேறியது. அதிலும் நாட்டைக் குறித்து ‘அவற்றின்’ என்ற பன்மைதான். நீதிமன்றத் தீர்ப்புகளிலும் பன்மை பல ஆண்டுகள் நீடித்தது. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் ஃபாஸ்டர் 1901-இல் ஒருமைக்காக நியூயார்க் டைம்ஸ் இதழில் வாதாட வேண்டியிருந்தது. மறு ஆண்டு பிரதிநிதிகள் சபையின் குழு ஒன்று ஒருமையே சரி என்றது. போர்க்களத்தில் தீர்ந்த வழக்கு பேனா முனையில் தீர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று என்றே எனக்குப் படுகிறது.

இந்தக் கதையை நம் அரசியல் சட்டத்தை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர், இந்தியாவை ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்று அழைப்பதற்குக் காரணம் சொன்னார். பிரிந்துபோகும் உரிமை மாநிலங்களுக்கு இல்லை என்பதை நிலைநாட்ட அமெரிக்கர்கள் போரே நடத்த வேண்டியிருந்தது. நாம் அதை ஆரம்பத்திலேயே தெளிவாக்கிவிடுவது நல்லது என்பது அவர் கருத்து. அமெரிக்காவில் இரட்டைக் குடியுரிமை, இங்கே ஒரே குடியுரிமை என்றும் அதே உரையில் விளக்கினார்.

சொந்த மாநிலத்தை விட்டு வந்து, இன்னொரு மாநிலத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, தமிழையும் காப்பாற்றிக்கொண்டிருக்கும் நமக்கு அந்த ஒருமையின் அருமை தெரியும். மாநிலங்கள் பல, மொழிகள் பல. ஆனால் குடியுரிமை ஒன்று. ஆகவே பிள்ளைகள் கேட்டால் ‘இஸ்’ போடு, ‘ஆர்’ போடு என்று சொல்லி அனுப்பிவிடாமல், கொஞ்சம் உட்கார வைத்து இந்த வரலாற்றையும் சொல்லுங்கள்.