கிட்டங்கியும் நினைவும்

கிட்டங்கி என்னும் சொல் செட்டிநாட்டார்க்குப் புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் தங்கிக் கொடுக்கல் வாங்கல் நடத்திய இடத்துக்கு அதுவே பெயர். சரக்கு வைக்கும் கிட்டங்கி ஒன்று மாந்தர் துயருக்குச் சாட்சியாகவும் நிற்றல் கூடும் என்பதற்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகம் சான்றாகும். அங்குள்ள ‘ஜி’ கிடங்கில் 1944ஆம் ஆண்டு ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து கொணரப்பட்ட யூதப் பெண்கள் ஏறத்தாழ 1,500 பேர் அடைக்கப்பட்டனர். குண்டுவீச்சின் இடிபாடுகளை அகற்றுமாறு ஏவப்பட்டனர். அக்கிடங்கைக் காத்தல் வேண்டும் என்ற குரல் அந்நகரில் எழுந்தது.

அதே போரில் தமிழர் பட்ட துயருக்கு அத்தகைய சுவரேதும் எஞ்சவில்லை. 1942–43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் கிடந்த மூங்கிற் கொட்டகைகள் மட்கி மறைந்தன. காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக உள்ளன. உயிர்நீத்த தமிழ்த் தொழிலாளர்க்கு அவ்வாறு தனித்தனிக் கல் இல்லை.

பர்மாத் தேக்கால் எழுந்த மாளிகைகளைக் காரைக்குடி பெருமையுடன் பேணுகிறது. அப்பர்மாவை நோக்கிய பாதையில் மடிந்தோரை நினைத்தலும் அப்பேணலின் பகுதியேயாகும். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் தம் ‘சயாம் மரண ரயில்’ புதினத்தால் அப்பணியைத் தொடங்கி வைத்தார். கட்டடம் எஞ்சாத வரலாற்றை எழுத்தில் காத்தல் இலக்கிய வட்டங்களின் கடமையாகும்.