துப்பறியும் பிரபு

ஆங்கில நாட்டுப்புறத்தில் பழைய மாளிகை ஒன்று. வெளியே பனி பெய்துகொண்டிருக்கிறது. உள்ளே பத்துப் பன்னிருவர் விருந்தினராகத் தங்கியிருக்கின்றனர். பொழுது விடிகிறது. நூலக அறையின் திரைச்சீலைகளை விலக்கச் சென்ற பணிப்பெண் அலறுகிறாள். மாளிகைக்குரியவர் மேசைமீது சாய்ந்தபடி இறந்து கிடக்கிறார்.

இத்தகைய தொடக்கமுடைய துப்பறியும் நாவல்கள் 1920-க்கும் 1939-க்கும் இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்தில் ஏராளமாக வெளிவந்தன. அவற்றுட் பலவற்றில் உண்மையைக் கண்டுபிடிப்பவன் போலீஸ் அதிகாரி அல்லன். ஒரு பிரபு, அல்லது பிரபு குலத்தைச் சார்ந்தவன். அக்கதைகளை ஆவலோடு படித்தவர்களோ பெரும்பாலும் பிரபுக்கள் அல்லர். அலுவலக எழுத்தர்களும், பள்ளி ஆசிரியர்களும், கடைச் சிப்பந்திகளும் அவற்றை வாடகை நூல் நிலையங்களிலிருந்து எடுத்துப் படித்தனர். 1935-இல் பெங்குவின் நிறுவனம் ஆறு பென்ஸ் விலையில் முதன்முதலாக வெளியிட்ட பத்து நூல்களுள் இரண்டு துப்பறியும் நாவல்கள் என்பது அவற்றின் செல்வாக்குக்குச் சான்று. மாளிகையின் வாயிலை ஒருநாளும் மிதித்தறியாத மக்கள், மாளிகையில் நடக்கும் கொலையையும் அதனை ஆராயும் பிரபுவையும் இவ்வளவு விரும்பியது ஏன்? இவ்வினாவிற்கு வரலாற்று முறையில் விடை காண்பதே என் நோக்கம். கதைகளின் முடிவை மட்டும் நான் வெளியிடப் போவதில்லை. அது அவற்றை இனிமேல் படிக்கப் போகிறவர்களுக்கு நான் இழைக்கும் தீங்காகும்.

முதலில் போலீஸ் துப்பறிவாளரைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். லண்டன் போலீஸில் துப்பறியும் பிரிவு 1842-இல் தோன்றியது. அப்போது அதில் இருந்தவர்கள் எண்மரே. அவர்களுள் ஒருவர் ஜோனதன் விச்சர் என்பவர். 1860-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் வில்ட்ஷயர் மாவட்டத்தில் ரோடு ஹில் இல்லம் என்னும் செல்வர் வீட்டில் நான்கு வயதும் நிரம்பாத ஆண் குழந்தை ஒன்று கொலையுண்டது. விச்சர் லண்டனிலிருந்து அங்குச் சென்று ஆராய்ந்தார். குழந்தையின் மாற்றாந்தாய் வயிற்றுச் சகோதரியான பதினாறு வயதுக் கான்ஸ்டன்ஸ் கென்ட் மீது ஐயங்கொண்டார். காணாமற்போன இரவு உடை ஒன்றே அவர் பற்றிய துப்பு. ஊரும் பத்திரிகைகளும் கொதித்தெழுந்தன. எளிய குடியிற் பிறந்த போலீஸ்காரர் ஒருவர் கண்ணியமான குடும்பத்தின் அந்தரங்கத்தில் நுழைவதா, அக்குடும்பத்துப் பெண்ணின் உடைகளை எண்ணிப் பார்ப்பதா என்று கேட்டனர். அப்பெண் விடுவிக்கப்பட்டாள், விச்சரின் புகழ் மங்கியது, அவர் 1864-இல் பணியினின்றும் விலகினார். மறு ஆண்டே கான்ஸ்டன்ஸ் கென்ட் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டாள். விச்சர் கண்டது சரியே. ஆயினும் அதனைச் சொல்லும் தகுதி அவருக்கு இல்லை என்று சமுதாயம் அன்று கருதிவிட்டது.

இந்நிகழ்ச்சியின் சாயல் 1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' என்னும் நாவலில் படிந்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது ஆங்கிலப் படைத்தலைவன் ஒருவன் கொலைசெய்து கவர்ந்த வைரம், இங்கிலாந்திலுள்ள மாளிகை ஒன்றிற்குச் சென்று அங்கிருந்து களவு போவதே அதன் கதை. களவை ஆராய வரும் கஃப் என்னும் போலீஸ் அதிகாரி, வர்ணம் தீட்டிய கதவில் உரசிக் கறைபட்ட உடை எது என்று தேடுகிறார். வீட்டாரின் வெறுப்பையே பெறுகிறார். செல்வர் மாளிகையின் முன்வாயில் போலீஸ்காரருக்கு எளிதில் திறவாது என்பதை வாழ்வும் கதையும் ஒருங்கே காட்டின.

அந்த வாயிலுள் நுழையக்கூடியவன் யார்? 1887-இல் ஆர்தர் கானன் டாயில் படைத்த ஷெர்லக் ஹோம்ஸ் அரசாங்கச் சம்பளக்காரர் அல்லர். மன்னரோடும் மாட்டுவண்டிக்காரரோடும் சமமாகப் பேசத் தெரிந்த கனவான். முதல் உலகப் போருக்குப் பின்வந்த எழுத்தாளர்கள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மார்ஜரி அல்லிங்ஹாம் அம்மையார் 1929-இல் ஆல்பர்ட் காம்பியனைப் படைத்தார். அவன் தன் உயர்குலப் பெயரை மறைத்துப் புனைபெயரில் உலவுபவன். நியூசிலாந்துக்காரரான நையோ மார்ஷ் அம்மையார் 1934-இல் அறிமுகப்படுத்திய ராடரிக் அலின், பாரனெட் பட்டம் பெற்றவரின் தம்பி. ஆனால் ஸ்காட்லாந்து யார்டில் அதிகாரியாகச் சேர்ந்தவன். இவர்கள் அனைவரினும் தலையாயவன் டாரதி ஸேயர்ஸ் அம்மையார் 1923-இல் படைத்த லார்டு பீட்டர் விம்ஸி. அவனையே சான்றாகக் கொண்டு மேலே செல்வோம்.

விம்ஸி, டென்வர் டியூக்கின் இரண்டாவது மகன். இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலப் பிரபு குலங்களில் பட்டமும் நிலமும் மூத்த மகனையே சாரும். இளையவன் பெயருக்கு முன் வரும் 'லார்டு' என்பது மரியாதைக்கு வழங்குவதே; சட்டத்தின் கண்ணில் அவனும் சாதாரணக் குடிமகன்தான். ஆகவே பிரபு வாழ்வின் சுகங்கள் அவனுக்கு உண்டு. நிலத்தையும் குடிகளையும் கட்டி மேய்க்கும் பொறுப்பு இல்லை. டியூக்கின் விருந்தில் அமரவும் தேநீர்க் கடையில் வண்டிக்காரனோடு அளவளாவவும் அவனுக்கு முடியும். துப்பறிபவனுக்கு இதனினும் வாய்ப்பான பிறப்பு வேறு இல்லை. பழைய அச்சு நூல்களைத் திரட்டுவதும், பாக் என்பாரின் இசையைப் பியானோவில் வாசிப்பதும், லண்டன் பிக்காடிலி வீதியில் அழகிய இல்லத்தில் வாழ்வதும் அவனுடைய இயல்புகள்.

இவ்வளவு செல்வத்தை ஸேயர்ஸ் அவனுக்கு ஏன் வழங்கினார்? அவரே 1936-இல் இதற்கு வேடிக்கையான விடை ஒன்று கூறினார். விம்ஸியைப் படைத்த காலத்தில் அவர் கையில் பணம் இல்லை. தாம் குடியிருந்த ஒற்றை அறை பிடிக்காதபோது அவனுக்குப் பிக்காடிலியில் மாளிகை எடுத்துத் தந்தாராம். தம் மலிவான விரிப்பில் ஓட்டை விழுந்தபோது அவனுக்கு விலையுயர்ந்த கம்பளம் வாங்கினாராம். பஸ்ஸுக்குக் காசில்லாதபோது அவனுக்கு டெய்ம்லர் கார் அளித்தாராம். ஆக்ஸ்போர்டில் முதல் வகுப்பில் தேறியும், பெண்களுக்குப் பட்டம் வழங்கப் பல்கலைக்கழகம் இசைந்த 1920 வரை காத்திருந்து பட்டம் பெற்ற பெண்மணி அவர். பின்னர் 1931 வரை விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதிப் பிழைத்தார். உழைக்கும் பெண்ணொருத்தியின் கனவில் பிறந்தவன் விம்ஸி; ஆதலால் உழைக்கும் மக்கள் அவனிடம் தம் கனவைக் கண்டதில் வியப்பில்லை.

எனினும் கனவு மட்டுமே காரணம் என்று நான் கருதவில்லை. அக்காலப் பிரபுக்களின் உண்மை நிலையை நோக்குங்கள். 1894-இல் சொத்துக்களின்மீது மரண வரி விதிக்கப்பட்டது. 1919-இல் இருபது லட்சம் பவுனுக்கு மேற்பட்ட சொத்துக்களுக்கு அவ்வரி நூற்றுக்கு 40 ஆக உயர்ந்தது. 1911-இல் இயற்றப்பட்ட பாராளுமன்றச் சட்டம், பிரபுக்கள் சபை வரவு செலவு மசோதாக்களைத் தடுக்கும் அதிகாரத்தைப் பறித்தது. போர் முடிந்தபின் பரம்பரை நிலங்கள் பெருவாரியாக விற்பனைக்கு வந்தன. விம்ஸியின் இல்லம் அமைந்ததாகச் சொல்லப்படும் அதே பிக்காடிலியில் டெவன்ஷயர் மாளிகை 1924-இல் இடித்துத் தள்ளப்பட்டது. ஒரு வகுப்பாரின் அதிகாரம் ஓங்கியிருக்கும்போது மக்கள் அவர்களை அஞ்சுவர், அல்லது வெறுப்பர். அது தேயத் தொடங்கியபின் அவர்களைக் கதைமாந்தராக்கி மகிழ்வர். துப்பறியும் பிரபு மாளிகைகள் சரிந்த காலத்தின் குழந்தை.

1926-இல் வெளிவந்த 'கிளவுட்ஸ் ஆப் விட்னஸ்' என்னும் நாவலில் விம்ஸியின் தமையனான டியூக்கே கொலைக் குற்றஞ் சாட்டப்பெற்றுப் பிரபுக்கள் சபையின்முன் நிறுத்தப்படுகிறான். பிரபுவைப் பிரபுக்களே விசாரிக்க வேண்டும் என்பது பழைய உரிமை. இக்காட்சி வெறுங்கற்பனை அன்று. 1935-இல் கார் விபத்தில் ஒருவர் இறந்ததன் தொடர்பாக டி கிளிப்போர்டு பிரபு அவ்வாறே விசாரிக்கப்பெற்று விடுதலையானார். அத்தகைய விசாரணைகளில் அதுவே இறுதியானது. 1948-இல் அவ்வுரிமை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இரண்டாவது காரணம், இக்கதைகளில் ஆட்சி செலுத்திய நேர்மை விதி. 1929-இல் ரொனால்டு நாக்ஸ் என்னும் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். 1930-இல் லண்டனில் துப்பறியும் கதையாசிரியர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. செஸ்டர்ட்டன் அதன் முதல் தலைவர். தெய்வச் செயலாலோ தற்செயலாலோ முடிச்சை அவிழ்ப்பதில்லை என்றும், இன்றியமையாத துப்பு எதனையும் வாசகரிடமிருந்து மறைப்பதில்லை என்றும் உறுப்பினர் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். ஸேயர்ஸ் 1928-இல் எழுதிய நாவலொன்றில், போர் ஓய்ந்ததை நினைவு கூரும் நவம்பர் 11-ஆம் நாளன்று முதிய தளபதி ஒருவர் தம் சங்கத்து நாற்காலியில் இறந்து காணப்படுகிறார். அன்று இங்கிலாந்தில் சட்டையில் செந்நிறப் பாப்பிப் பூ அணிந்து செல்வது வழக்கம். வாழ்நாளெல்லாம் படையில் கழித்த அக்கிழவரின் சட்டையில் பூ எங்கே? பூ இல்லை என்பதை விம்ஸி காண்கிறான். கூர்ந்து படிப்பவரும் காணலாம். அதற்கு டியூக்கின் மகனாகப் பிறந்திருக்க வேண்டுவதில்லை. உயர்வு தாழ்வு நிறைந்த ஒரு சமுதாயத்தைப் பற்றிய கதை, தன் வாசகனை மட்டும் கதைத் தலைவனுக்குச் சமமாக நடத்திற்று. இதுவே அதன் கவர்ச்சியின் உயிர்நிலை என்பது என் துணிபு.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுவே மிகக் கனமானது. அக்காலத்தில் கொலைக்குத் தண்டனை தூக்கு. துப்பறிபவனின் வெற்றி மற்றொருவனின் மரணத்தில் முடியும். பல எழுத்தாளர்கள் குற்றவாளியின் பெயரை வெளியிட்டவுடன் கதையை முடித்துக்கொண்டு இவ்வுண்மையைத் தவிர்த்தனர். ஸேயர்ஸ் தவிர்க்கவில்லை. விம்ஸி 1918-இல் போர்முனையில் குண்டு வெடித்து மண்ணுள் புதையுண்டு மீட்கப்பட்டவன். அவனுடைய பணியாளன் பன்ட்டர், போரில் அவன்கீழ்ப் பணிபுரிந்தவன். தன் கட்டளையால் வீரர் பலர் மாண்டனர் என்னும் நினைவு விம்ஸியை விட்டு அகலவில்லை. முதல் நாவலிலேயே, உண்மை புலப்பட்ட இரவில் அவன் நடுநடுங்கிப் போர்முனையில் இருப்பதாகவே பிதற்றுகிறான். பன்ட்டர் அவனைக் குழந்தைபோல் தேற்றுகிறான். 1937-இல் வெளிவந்த 'பஸ்மன்ஸ் ஹனிமூன்' நாவலில், தான் கண்டுபிடித்த குற்றவாளியின் பொருட்டுத் தலைசிறந்த வழக்கறிஞரை அவனே அமர்த்துகிறான். தீர்ப்பு மாறவில்லை. தூக்கிலிடும் காலையில், கடிகாரம் எட்டு அடிக்கும்வரை உறங்காதிருந்து அழுகிறான். பிரிட்டனில் கொலைக்குத் தூக்குத் தண்டனை 1965-இல் நிறுத்தி வைக்கப்பெற்று, 1969-இல் நிலையாக நீக்கப்பட்டது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, பொழுதுபோக்குக்கென எழுதிய நாவல் அத்தண்டனையின் சுமையை வாசகரின் தோளில் ஏற்றிவிட்டது.

இக்கதைகளின் குறைகளையும் நான் மறைத்தல் கூடாது. அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லர் 1944-இல், இவற்றிலுள்ள கொலைகள் உலகில் நடப்பன போன்றவை அல்ல என்று கடுமையாகத் தாக்கினார். அவர் கூற்றில் உண்மை உண்டு. பணியாட்கள் பலர் பெயரளவிலேயே மனிதர். அவர்களுடைய துயரம் கதைக்குப் புறம்பு. யூதரையும் அயல்நாட்டாரையும் பற்றிய சில வருணனைகள் மனத்தை உறுத்துவன. மாளிகையின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலான நூல்கள் கேட்பதே இல்லை. ஸ்ரீரங்கப்பட்டணத்து வைரம் களவு போனதைச் சொன்ன காலின்ஸ், அதற்கு முன்பே அது ஒருமுறை களவாடப்பட்டது என்பதையும் சொன்னார். அந்த நேர்மை பின்வந்தோர் பலரிடம் இல்லை.

இங்கு நம் நாட்டு ஒப்புமை ஒன்று நினைவுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஆங்கில நாவல்கள் பலவற்றைத் தழுவித் தமிழில் எழுதிப் பெருந்திரளான வாசகரைப் பெற்றனர். வடுவூரார் படைத்த துப்பறிவாளர் பிரபு அல்லர்; திகம்பர சாமியார். எல்லா வீட்டுக் கதவுகளும் எவனுக்குத் திறக்கும் என்று ஆங்கிலேயர் எண்ணியபோது பிரபு தோன்றினான். தமிழர் எண்ணியபோது துறவிக் கோலம் தோன்றியது. ஒரு கதை எந்த மண்ணில் வேரூன்றுகிறதோ அந்த மண்ணின் மரியாதைகளை அது காட்டிவிடுகிறது.

ஆகவே இந்நாவல்களைப் படியுங்கள். ஆனால் விம்ஸியின் கம்பளத்தையும் காரையும் மட்டும் கண்டு மயங்காதீர்கள். கொலை நடந்த மறுநாள் காலை, நீ அந்த நேரத்தில் எங்கிருந்தாய் என்னும் கேள்வி டியூக்கிடமும் கேட்கப்படுகிறது, சமையற்காரியிடமும் கேட்கப்படுகிறது. இருவரும் விடை சொல்லியே ஆகவேண்டும். 1860-இல் விச்சர் அக்கேள்வியைக் கேட்டதற்காகவே தாழ்த்தப்பட்டார். அறுபது ஆண்டுகளுக்குப்பின் அதே கேள்வியை ஒரு பிரபுவின் வாயால் கேட்கச் செய்து, அது யாவரையும் கேட்கத் தக்கதே என்று வாசகரை ஏற்கச் செய்தவை இந்நூல்கள். அவை தந்த இன்பத்தோடு இப்பயனையும் சேர்த்து எண்ணிப் பார்த்தல் வரலாறு கற்போரின் கடமையாகும்.