எம்டனுக்கும் தப்பிய வேலை

1874-ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்த பாட்ரிக் கெட்டிஸ் என்ற இளைஞர், ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறினார். லண்டனுக்குப் போய், டார்வினுக்காக மேடைதோறும் மல்லுக்கட்டிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் சீடராகச் சேர்ந்தார். உயிரியலில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். பட்டம் மட்டும் கடைசிவரை வாங்கவில்லை. கையில் நுண்ணோக்கி இருக்கிறதே, போதாதா? 1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போன இடத்தில் அதற்கும் வேட்டு விழுந்தது.

திடீரென்று கண் தெரியவில்லை. கண்ணைக் கட்டி இருட்டறையில் படுக்க வைத்தார்கள். பொழுது போகாமல் ஜன்னல் சட்டங்களைத் தடவிக்கொண்டிருந்தவர், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தைக் கொடுத்து, ஒன்றோடொன்றை இணைத்துப் பார்க்கத் தொடங்கினார். பார்வை மீண்டது. ஆனால் மணிக்கணக்கில் லென்ஸுக்குள் உற்றுப் பார்க்கும் தெம்பு அந்தக் கண்களுக்கு இல்லை. செல்களை விட்டுவிட்டு மனிதர்களையும் ஊர்களையும் கவனிக்க ஆரம்பித்தார். அதற்குச் சம்பளம் கொடுக்கத்தான் ஆளில்லை.

1888-ல் எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. மார்ட்டின் ஒயிட் என்ற பணக்கார நண்பர் மனமிரங்கி, டண்டீ கல்லூரியில் அவருக்காகவே ஒரு பதவியை உண்டாக்கித் தந்தார். கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும். அதே ஒயிட் 1907-ல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்து, பிரிட்டனுக்கே புதிதான இன்னொரு பதவியை ஏற்படுத்தினார். கெட்டிஸுக்குத்தான் என்று நண்பர்கள் நம்பியிருந்தார்கள். ஆனால் தாடிக்குள் முணுமுணுத்துக்கொண்டு, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் அவருடைய பேச்சு தேர்வாளர்களிடம் எடுபடவில்லை. பதவி லியோனார்டு ஹாப்ஹவுஸ் என்ற தத்துவக்காரருக்குப் போனது. ஐம்பதைத் தாண்டிய கெட்டிஸின் கதை அத்தோடு முடிந்தது என்றுதான் தோன்றியது, சென்னையிலிருந்து அழைப்பு வரும்வரை.

அழைத்தவர் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லாண்ட் பிரபு. ஊர்கள் எப்படிப் பிறந்து வளர்கின்றன என்று காட்டும் வரைபடங்களும் படங்களுமாகக் கெட்டிஸ் பல ஆண்டுகள் சேர்த்த கண்காட்சி, 1914-ல் 'கிளான் கிராண்ட்' என்ற கப்பலில் ஏறியது. கெட்டிஸ் வேறு கப்பலில் வந்தார். அதுதான் நல்லதாகப் போயிற்று. செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டன், அக்டோபரில் கிளான் கிராண்டை மடக்கிப் பிடித்தது. ஒரு மனிதரின் வாழ்நாள் சேகரிப்பு கடலுக்குள் போனது.

பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசரமாகப் புதிய சரக்கைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி எப்படியோ திறந்தது. அந்தச் சுற்றில்தான் மதுரைக்கு வந்தார். வைகையின் வடகரையில் செல்லூர், தென்கரையில் கோயிலைச் சுற்றிச் சுற்றி விரியும் வீதிகள். நெரிசலைக் காரணம் காட்டி வீடுகளை இடித்து நேர்ரோடு போடுவதுதான் அன்றைய பொறியாளர்களுக்குத் தெரிந்த வைத்தியம். கெட்டிஸ் சந்து சந்தாக நடந்தார். பாழடைந்ததை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்றலாம் என்று அறிக்கை எழுதினார். ஆனால் அதே மதுரைப் பக்கத்தில், சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடியில் அரசாங்கம் வேறு வைத்தியம் தொடங்கியிருந்தது. 1914-லேயே அந்த ஊர்க் கள்ளர்கள் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டார்கள். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாகப் பதிவேட்டில் ஏற்றியபோது, அதைக் கேள்வி கேட்கும் படிப்புக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஒரு துறைகூடக் கிடையாது.

1917 கெட்டிஸை உலுக்கியது. மூத்த மகன் அலஸ்டேர் ஏப்ரலில் பிரான்ஸ் போர்முனையில் இறந்தார். இந்தியாவில் காய்ச்சலில் கிடந்த மனைவி அன்னாவிடம் அதைச் சொல்லாமல், மகனின் பழைய கடிதங்களை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார் கெட்டிஸ். மகன் போனது தெரியாமலே அன்னாவும் கண்ணை மூடினார். கெட்டிஸ் ஊர் திரும்பவில்லை. இந்தோருக்குப் போய், எந்தத் தெரு சுத்தமோ அந்தத் தெரு வழியாகத்தான் தீபாவளி ஊர்வலம் வரும் என்று அறிவித்து, பிளேக்குக்குப் பயந்திருந்த ஊரையே துடைப்பம் எடுக்க வைத்தார். அதற்குள் பம்பாய்ப் பல்கலைக்கழகம் அவரைத் தேடிக்கொண்டிருந்தது.

இன்றைக்கு ஓய்வூதியம் வாங்கும் வயதில், 1919-ல் கெட்டிஸ் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். லண்டனில் நழுவிய அதே பாடம்! 'சமூகவியல் துறை' என்று இந்தியாவில் முதன்முதலாகப் பலகை மாட்டியது அப்போதுதான். ஆனால் அவருக்குப் பிறகு யார்?

எல்பின்ஸ்டன் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்துக்கொண்டிருந்த குர்யே என்ற இளைஞர், பம்பாய் நகரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையால் கெட்டிஸின் கவனத்தை ஈர்த்தார். பல்கலைக்கழக உதவித்தொகையோடு அவரை 1920-ல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்கு வாய்த்த குரு யாரென்றால், சாட்சாத் ஹாப்ஹவுஸ்! குர்யேவுக்கு அவர் சரிப்படவில்லை. கேம்பிரிட்ஜுக்கு மாறி டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸிடம் சேர்ந்தார், 1922-ல் ரிவர்ஸ் திடீரென்று இறந்துபோனார். எப்படியோ ஆய்வை முடித்துத் திரும்பிய குர்யே, 1924-ல் கெட்டிஸ் விலகியதும் துறைத் தலைவரானார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ்.

குர்யே கப்பலேறிய அந்த 1920-ல், ஏப்ரல் 3 அன்று, பெருங்காமநல்லூரில் அதே ரேகைச் சட்டத்துக்காகக் கைரேகை வைக்க மறுத்த கள்ளர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்து விழுந்தார்கள். சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை நீக்க 1947 ஆனது. அதன்பின் பிரெஞ்சு ஆய்வாளர் லூயி துய்மோன் பிரமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்து, 1957-ல் அவர்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். 1959-ல் சாகர் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை பிறந்தது. பிறகு சென்னை, திருநெல்வேலி என்று தெற்கேயும் வந்தது.

'சமூகவியல், குற்றவியல் பாடங்களுக்கு உதவிப் பேராசிரியர் தேவை' என்று இன்று செய்தித்தாளின் மூலையில் வரும் கட்டம் கட்டிய விளம்பரத்துக்குப் பூர்வீகம் இதுதான். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். நெட் அல்லது செட் தேர்ச்சி, இல்லையென்றால் முனைவர் பட்டம் வேண்டும். இந்த விதிகளின்படி பாட்ரிக் கெட்டிஸின் விண்ணப்பம் நேர்காணல் வரைக்கும்கூட வராது.