சப்பாணிப் பருவமும் திருவனந்தபுரம் அட்டவணையும்: பூவார் எல்லையூர்களில் இசை விளையாட்டு

நெய்யாறு கடலில் கலக்கும் பூவாரிலிருந்து கரையோரமாகத் தென்கிழக்கே போனால் பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு வீட்டுமொழி பார்த்து வளையவில்லை. பூவார், பாறசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பிறக்கும் பிள்ளை, மலையாளத்தில் பேசும் அங்கன்வாடி ஆசிரியையின் கண்பார்வையில்தான் வளர்கிறது. அப்பிள்ளையின் வளர்ச்சியைக் கணிக்கவும் ஊக்கவும் மடியில் வைத்துப் பாடி ஆடும் விளையாட்டே முதற்கருவியாக வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான மருத்துவச் சான்று இவ்வூர்கள் உள்ள திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் உடனுழைத்தோரும் உருவாக்கிய வளர்ச்சிக் கணிப்பு அட்டவணை 1991இல் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வெளிவந்தது. பிறப்பு முதல் 2 வயது வரைக்கான 17 செயல்கள் அதில் உண்டு. பிள்ளையின் வயதில் ஒரு நேர்க்கோடு வரைய வேண்டும்; கோட்டுக்கு இடப்பக்கம் முடிந்துபோன செயல் எதையும் பிள்ளை செய்யவில்லை என்றால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். சில நிமிட வேலை. விலையுயர்ந்த கருவி வேண்டாம்.

அந்த 17இல் மணியோசை அல்லது கிலுக்கோசை கேட்டுத் தலை திருப்புதல் ஒன்று, இரு கையும் சேர்த்துக் கொட்டி விளையாடுதல் மற்றொன்று, பொம்மையின் உறுப்புகளைச் சுட்டிக் காட்டுதல் இன்னொன்று. மூன்றும் நம் வீடுகளில் பாட்டோடு நடப்பவை.

இங்கே, குழந்தையின் வளர்பருவங்களைப் பாடும் பிள்ளைத்தமிழ் இலக்கியம் நினைவுக்கு வராமல் போகாது. ஒரு காலை மடக்கி, மறு முழங்காலையும் கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. உட்கார்ந்து கைகொட்டுவது சப்பாணி. தளர்நடையிட்டு வருவது வருகை. மரபு செங்கீரையை ஐந்தாம் மாதத்திலும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்திலும் வருகையை ஓராண்டையொட்டியும் வைக்கிறது. பெரியாழ்வார் கண்ணனைப் பாடியபோதே இவ்விளையாட்டுகள் பாடல்வடிவம் பெற்றுவிட்டன. கடவுளையும் அரசனையும் பாடும் இலக்கியத்தில் மாதக்கணக்கு வெறும் மரபுதானே என்று மறுக்கலாம். இவ்விலக்கியத்துக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் மாதங்களில் வேறுபடுவதும் உண்மை. ஆனால் தவழ்தலுக்கு முன் நடையையோ, உட்காருவதற்கு முன் கைகொட்டலையோ இம்மரபு வைக்கவில்லை. அந்த வரிசை மடியில் பிள்ளை வைத்திருந்தவர்கள் கண்டறிந்த வரிசை என்றே கொள்கிறேன். ஒன்றை மட்டும் மரபிலிருந்து ஏற்க முடியாது: சிறு பறை கொட்டி விளையாடும் சிறுபறைப் பருவத்தை ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கே ஒதுக்கியது. அங்கன்வாடியில் பறை பெண்பிள்ளை கைக்கும் போக வேண்டும்.

கைகொட்டல் வளர்ச்சியைக் காட்டுவதோடு நின்றுவிடுகிறதா, வளர்க்கவும் செய்கிறதா? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா ஜாவோவும் பட்ரீசியா குலும் ஒன்பது மாதக் குழந்தைகளைப் பெற்றோருடன் 12 அமர்வுகளில் மும்மைத் தாளத்துக்கு ஆடிப்பாட வைத்தனர். மற்றொரு குழு இசையின்றிப் பொம்மைகளோடு விளையாடியது. 2016இல் வெளியான முடிவுப்படி, தாளம் பிசகும் இடத்தை இசைக்குழுவின் மூளை கூர்மையாக உணர்ந்தது. இசையில் மட்டுமல்ல, பேச்சொலியிலும். லாரா சிரெல்லி குழுவினரின் 2014 ஆய்வில், பெரியவர் ஒருவரோடு ஒரே தாளத்தில் ஆட்டப்பட்ட 14 மாதக் குழந்தைகள், பின்னர் அவர் கைநழுவவிட்ட பொருளை எடுத்துக்கொடுக்க அதிகம் முன்வந்தனர். இரண்டிலும் எதிரே ஓர் ஆள் இருக்கிறார். கைபேசியில் தாலாட்டை ஓடவிட்டுத் தொட்டிலருகே வைப்பதற்கு இவற்றில் ஆதாரமில்லை. மொசார்ட் இசை கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சுக்கு வழிவகுத்த புகழ்பெற்ற சோதனையும் (1993) கல்லூரி மாணவர்களிடம் நடத்தப்பட்டது. குழந்தைகளைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

எல்லையூரில் மடிவிளையாட்டின் பொருள் இன்னும் கனமானது. அட்டவணையில் இரண்டு சொல் பேசுதலும் ஒரு செயல். தமிழில் மழலை பேசும் பிள்ளை மலையாளம் கேட்கும் ஆசிரியை முன் வாய் திறக்காவிட்டால் பின்தங்கியதாகத் தோன்றலாம். தாய்க்குப் பழகிய பாட்டைத் தாயே பாடி ஆடும்போது அத்தவறு நேராது. அங்கே மௌனமும் கைகொட்டாமையும் சேர்ந்தே தெரிந்தால், அது மொழியச்சம் என்று தள்ளிவிடக் கூடாத அடையாளம்.

கருவியின் வரம்பையும் மறைக்கக் கூடாது. டென்வர் வளர்ச்சிக் கணிப்புச் சோதனையோடு ஒப்பிட்டபோது அட்டவணையின் உணர்திறன் 66.8 சதவீதம், தனித்திறன் 78.8 சதவீதம். அதாவது தாமதமுள்ள மூவரில் ஒருவர் தப்பிவிடுகிறார்; தாமதமில்லாத ஐவரில் ஒருவர் வீணாகக் கவலைக்குள்ளாகிறார். ஒரே நாளில் அளந்து முடிப்பதைவிட, நாள்தோறும் நடக்கும் விளையாட்டில் கவனிப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்யும் என எண்ணுகிறேன்.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் முன்பருவக் கல்வி 3 வயதிலிருந்துதான். சப்பாணிப் பருவம் அதற்குள் வீட்டிலேயே கழிந்துவிடுகிறது. ஆகவே வீடுதேடிச் செல்லும் ஆசிரியைகளே, எடையும் தடுப்பூசியும் கேட்டபின், பாட்டியிடமோ தாயிடமோ பிள்ளையை மடியில் வைத்து, தங்கள் மொழியில் பாடி ஆடச் சொல்லுங்கள். பார்த்ததை அட்டவணையில் குறியுங்கள். ஐயம் வந்தால் காலம் தாழ்த்தாமல் குழந்தை மருத்துவரிடம் அனுப்புங்கள்.